கடலுக்கு அப்பாலும் புத்தளமும்

சுவிஸுக்கு வந்த எம்மவர் முதலில் கற்றுக்கொண்ட ஜேர்மன் சொற்களில் ஒன்று 'ஃபிறிஸ்ற்', அதாவது கெடு. கடிதத்தில் வேறெதுவும் விளங்காவிட்டாலும் அந்தத் திகதியைத் தேடிப் பிடித்துவிடுவோம்.

நண்பர் ஒருவரின் சிவில் வழக்கில் மொழிபெயர்க்கப் போனபோதுதான் கெடுவிலும் இருவகை உண்டென அறிந்தேன். 2011இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் சிவில் நடைமுறைச் சட்டத்தின்படி, நீதிமன்றம் விதித்த கெடுவை, அது முடியுமுன் தகுந்த காரணம் சொல்லிக் கேட்டால் நீடிக்கலாம். சட்டமே விதித்த கெடுவை நீடிக்க முடியாது. ஆயினும், தன்மேல் தவறில்லாமலோ சிறு தவறாலோ அதைத் தவறவிட்டவர், தடை நீங்கி 10 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் மீண்டும் வாய்ப்புக் கிடைக்கலாம். ஆக, ஒருவர் ஏன் வரவில்லை என்று சட்டம் கேட்கிறது. எந்தப் பதிலை அது ஏற்கிறது என்பதே எனது கேள்வி.

எமது நாட்டுக்கு வருவோம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இன்றும் எமது காணிகளை ஆள்கிறது. பிறர் காணியை 10 வருடம் இடையூறின்றி, உரிமையாளருக்கு எதிராக ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். உரிமையாளர் அதற்குள் வழக்கு வைக்க வேண்டும். இதற்கு 13ஆம் பிரிவு விதிவிலக்குத் தருகிறது. வழக்குரிமை பிறந்த வேளையில் உரிமையாளர் சிறுபராயத்தினராகவோ, சித்தசுவாதீனமற்றவராகவோ, 'கடலுக்கு அப்பால்' இருப்பவராகவோ இருந்தால், அந்நிலை நீங்கும்வரை காலம் ஓடாது. அதற்கும் 30 வருடம் எல்லை. 'கடலுக்கு அப்பால்' என்பது 1623ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்த சொல். கடல் கடந்த வணிகரை நினைத்து எழுதிய சொல், அகதிகளான எமக்கும் பொருந்தியது.

ஆனால் 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் கடல் கடக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோர் புத்தளத்தில் முகாம்களில் இருந்தனர். சட்டத்தின் பார்வையில் அவர்கள் நாட்டுக்குள் இருந்தவர்கள், வழக்கு வைத்திருக்கக் கூடியவர்கள்! யாழ்ப்பாணத்தில் அவர்களுக்கு வெளியேறக் கொடுக்கப்பட்டது 2 மணித்தியாலம். அதுவும் ஒரு கெடுதான். அதை நீடிக்கும்படி நாம் எவரும் உரத்துக் கேட்கவில்லை.

2016இல் பாராளுமன்றம் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தை நிறைவேற்றியது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை நீதிமன்றம் போக முடியாதிருந்தோர் வழக்கு வைக்க 2 வருட அவகாசம் கிடைத்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அது ஏற்ற காரணம் ஒன்றுதான்: 'பயங்கரவாதக் குழுக்களின்' நடவடிக்கை. அரச படைகளின் ஷெல்லடியால் ஓடியவரை அச்சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 1871இன் சட்டம் புத்தளத்தைக் காணவில்லை. 2016இன் சட்டம் அரசைக் காணவில்லை.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். 26 வருட இழப்புக்கு 2 வருடம் போதுமா? உறுதி தொலைந்து, நொத்தாரிசு இறந்து, சாட்சிகள் நாலு திசையும் சிதறிய பின் எதைக் கொண்டு வழக்கு வைப்பது? தடை நீங்கிய நாளிலிருந்து கணக்குப் பார்க்கிறது சுவிஸ் சட்டம். துரத்தப்பட்டவருக்குத் தடை நீங்கிய நாள் எது? துப்பாக்கி ஓய்ந்த நாளா, அயலவர் 'வாருங்கள்' என்று அழைக்கும் நாளா?

அந்த இரண்டாவது நாளைக் குறிக்க வேண்டியவர்கள் நாம். அதற்கு எந்தச் சட்டமும் கெடு விதிக்கவில்லை. அதனால்தானோ இன்னும் தாமதிக்கிறோம்?