மாணவர் சூட்டிய மாலை

கல்லூரிகளில் இருவகை ஆசிரியர் உண்டு. ஆய்வு செய்து, நூல் எழுதி, நாடறியப் பெயர் பெறுபவர் ஒரு வகை. நேற்றுப் பள்ளியை விட்டு வந்த இளைஞன்முன் நின்று, "ஏன்? எதனால்?" என்று கேட்கக் கற்றுத் தருபவர் மற்றொரு வகை. முன்னவருக்கு மேடையும் மாலையும். பின்னவருக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு வரி! இம்முறைகேட்டை மாற்ற அமெரிக்க மாணவர்கள் செய்த ஒரு செயலை நம் இளைஞர் அறிதல் நலம்.

1919ஆம் ஆண்டு. முதல் உலகப் போரின் புகை அடங்கியிருந்த நேரம். நியூயார்க் நகரத்துக் கொலம்பியாக் கல்லூரி, 'இக்கால நாகரிகம்' என்றொரு பொதுப்பாடத்தைத் தொடங்கிற்று. மருத்துவனாக விழைபவனும் வழக்கறிஞனாக விழைபவனும் முதலாண்டில் அதைக் கற்றே தீரவேண்டும். வாரத்தில் ஐந்து நாள் வகுப்பு. சிறு சிறு குழுக்கள். வரலாறு, மெய்யியல், பொருளியல் ஆசிரியர்கள் தத்தம் துறையின் வேலியைத் தாண்டி வந்து கற்பித்தனர். மாணவன் படித்தான், வாதிட்டான், மறுத்தான். 1937இல் இலக்கியத்திற்கும் இத்தகைய பொதுப்பாடம் பிறந்தது.

பாடம் பொதுப்பாடம்! வாயிலோ? அறிவு எல்லார்க்கும் வேண்டும் என்று பேசிய அதே கல்லூரி, அதே காலத்தில், யூத மாணவர் தொகையைக் குறைக்கும் வகையில் சேர்க்கை முறையை மாற்றிக்கொண்டது. பெண்களுக்கோ 1983 வரை அங்கே இடமில்லை. பிறப்பைக் கேட்டு அறிவை அளக்கும் பித்தம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று, தோழர்களே!

அப்பித்தம் ஆசிரியரையும் விடவில்லை. இலயனல் டிரில்லிங் என்னும் இளைஞர் அங்கே ஆங்கில இலக்கியம் கற்பித்து வந்தார். 1936இல் துறையினர் அவரை விலக்க முனைந்தனர். அவர்கள் கண்ட குற்றம் என்ன? அவர் மார்க்சியம் பேசுபவர், பிராய்டின் உளவியலில் ஈடுபாடுடையவர், பிறப்பால் யூதர், ஆகவே இவ்விடத்திற்குப் பொருந்தாதவர்! அவர் தலைகுனிந்து வெளியேறவில்லை, தம்மை விலக்கினால் இழப்பு அவர்களுக்கே என்று நேருக்குநேர் வாதாடினார், நிலைத்தார். 1939இல் உதவிப் பேராசிரியரானார். அந்த ஆங்கிலத் துறையில் அந்நிலையை எய்திய முதல் யூதர் அவரே.

ஆண்டுகள் உருண்டன. 1962இல் கொலம்பியா மாணவர்கள் தாங்களே ஒரு விருதை நிறுவினர். 1920 முதல் 1959 வரை அங்கே கற்பித்த கவிஞர் மார்க் வான் டோரனின் பெயரை அதற்குச் சூட்டினர். புலிட்சர் பரிசு பெற்ற கவிஞர்தாம் அவர். எனினும், வகுப்பறையில் அவர் ஏற்றிய விளக்குக்காகவே மாணவர் அவர் பெயரைத் தேர்ந்தனர். சிறந்த ஆசிரியர் யார் என்பதை முடிவு செய்பவர் துறைத்தலைவரும் அல்லர். ஆட்சிக் குழுவினரும் அல்லர். மாணவர் குழுவே வகுப்புகளில் சென்றமர்ந்து, கேட்டு, ஆய்ந்து முடிவு செய்கிறது.

மாணவர்க்குத் தீர்ப்பளிக்கும் திறன் ஏது, நகைச்சுவை பேசுபவரைத்தானே தேர்வர் என்று ஏளனம் செய்வோர் உண்டு. அவர்களுக்கு 1966ஆம் ஆண்டு விடை கூறும். அவ்வாண்டு மாணவர்கள் அவ்விருதை யாருக்கு அளித்தனர்? டிரில்லிங்குக்கு! முப்பது ஆண்டுகளுக்கு முன் துறையினர் எவரைப் பொருந்தாதவர் என்றனரோ, அவரே சிறந்த ஆசிரியர் என்றனர் மாணவர். துறையினர் பிறப்பைப் பார்த்தனர். மாணவர் படிப்பித்தலைப் பார்த்தனர்.

உணவின் சுவையை உண்டவனே உரைப்பான். கற்பித்தலின் சிறப்பைக் கற்றவனே அறிவான். இளைஞர்களே! உங்கள் கல்லூரி மன்றங்களில் மாலை வாங்கும்போது, அமைச்சருக்கும் அதிபருக்கும் மட்டும் வாங்காதீர்கள். உங்களைக் கேள்வி கேட்கவைத்த அந்த ஒருவருக்கும் ஒன்று வாங்குங்கள். அவர் எக்குலம் என்று மட்டும் கேளாதீர்கள்!