மவுண்ட் ரோட்டிலிருந்து ரங்கநாதன் தெருவுக்கு

பல பொருள்களைப் பிரிவு பிரிவாக அடுக்கி, கறார் விலையில் விற்கும் பெருங்கடையைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர்கள் ஆங்கிலேயர்கள். சார்லஸ் டூரண்டும் ஜே. டபிள்யூ. ஸ்பென்சரும் 1860களில் மவுண்ட் ரோட்டில் தொடங்கிய கடை, பின்னர் யூஜின் ஓக்‌ஷாட் கைக்கு வந்தது. கட்டடக் கலைஞர் போக்சன் வடிவமைத்த இந்தோ-சாரசெனிக் பாணிக் கட்டடத்துக்கு 1895இல் அது குடிபெயர்ந்தபோது எண்பதுக்கு மேற்பட்ட பிரிவுகள் இருந்தன. திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை, ரயில் நிலையங்களில் சிற்றுண்டிச் சாலைகள், சோடா, ஓட்டல் என்று ஸ்பென்சர் நிறுவனம் தொடாத துறை குறைவு. அதே சாலையில் ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடையும், பி.ஆர் அண்டு சன்ஸ் கடிகாரக் கடையும், வொயிட்டவே லெய்ட்லா துணிக்கடையும் இருந்தன. வெள்ளை அதிகாரிகளும் ஜமீன்தார்களும் வசதியான வக்கீல் குடும்பங்களும்தான் இவற்றின் வாடிக்கையாளர்கள். மற்றவர்களுக்கு மவுண்ட் ரோடு வேடிக்கை பார்க்கும் இடம்.

அந்த மற்றவர்களுக்கு மூர் மார்க்கெட் இருந்தது. பிராட்வேயில் இருந்த பழைய பாப்பம் சந்தைக்கு மாற்றாக, சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1898இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1900இல் திறக்கப்பட்டது அந்தச் செந்நிறக் கட்டடம். மாநகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூரின் பெயர் அதற்கு அமைந்தது. பழைய புத்தகம், இசைத்தட்டு, பறவைகள், பொம்மை என எதுவும் அங்கே கிடைக்கும். விலை மட்டும் பேரம் பேசுகிறவரின் சாமர்த்தியத்தைப் பொறுத்தது. பாடப்புத்தகம் வாங்க வசதியில்லாத மாணவர்கள் பலருக்கு அதுவே கதி.

விடுதலைக்குப் பின் வெள்ளையர் கடைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. வொயிட்டவே லெய்ட்லா கட்டடம் அதற்கு முன்பே சுதேசமித்திரன் நாளிதழின் அலுவலகமாகியிருந்தது. பின்னர் அது வி.ஜி.பி. சகோதரர்களிடம் வந்தது. கையில் மொத்தப் பணம் இல்லாத நடுத்தரக் குடும்பத்துக்கும் தவணை முறையில் ரேடியோவையும் மின்விசிறியையும் விற்றவர்கள் இவர்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969இல் பாரிமுனை அருகே பர்மா பஜார் உருவானது. வெளிநாட்டுப் பொருள் மோகம் அங்கே இடம்பெயர்ந்தது.

அடுத்து வந்தது நெருப்பு. 1983இல் ஸ்பென்சர் கட்டடமும் 1985 மே மாதத்தில் மூர் மார்க்கெட்டும் எரிந்துபோயின. இரண்டே ஆண்டுகளில், உயர்குடியின் கடையும் எளியவரின் சந்தையும் இல்லாமல் ஆயின. மூர் மார்க்கெட் வியாபாரிகள் அல்லிக்குளம் வளாகத்துக்கு அனுப்பப்பட்டார்கள். பழைய கூட்டம் அங்கே சேரவில்லை. சந்தை இருந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. ஸ்பென்சர் இருந்த இடத்தில் 1990களின் தொடக்கத்தில் ஸ்பென்சர் பிளாசா வந்தது. குளிர்சாதன வசதியும் நகரும் படிக்கட்டும் கொண்ட அந்த வணிக வளாகம் நாட்டின் முதல் மால்களில் ஒன்று.

ஆனால் பெருங்கடையைச் சாமானியருக்கும் உரியதாக்கிய பெருமை தியாகராய நகருக்கே சேரும். நீதிக்கட்சி ஆட்சியில், 1920களில், ஏரி நிலத்தைத் தூர்த்து உருவான குடியிருப்புப் பகுதி அது. 1928இல் நல்லி சின்னசாமி செட்டி தொடங்கிய பட்டுக்கடையும், அதைத் தொடர்ந்து வந்த பிற ஜவுளிக் கடைகளும் பனகல் பூங்காவைக் கல்யாண ஜவுளியின் முகவரியாக்கின. மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்குபவர்கள் உஸ்மான் சாலைக்குப் போக நடக்கும் குறுகலான வழிதான் ரங்கநாதன் தெரு. மின்சார ரயில் தினமும் கொண்டுவந்து கொட்டும் கூட்டமே அதன் மூலதனம். தென் மாவட்டங்களிலிருந்து வந்த வணிகர்கள் இதைச் சரியாகக் கணித்தார்கள். பாத்திர வியாபாரத்தில் தொடங்கிய சரவணா ஸ்டோர்ஸ், மாடிக்கு மேல் மாடி எழுப்பி, தட்டு முதல் தங்கம் வரை விற்றது. லாபம் சிறிது, விற்பனை பெரிது என்பதே கணக்கு. ஸ்பென்சர் பணக்காரர்களுக்குக் கொடுத்த அதே வசதியை இவர்கள் பேருந்தில் வருபவருக்குக் கொடுத்தார்கள்.

அதற்கு ஒரு விலையும் இருந்தது. கிராமங்களிலிருந்து அழைத்துவரப்பட்டு நாள் முழுவதும் நின்றபடி வேலை பார்க்கும் இளம் விற்பனையாளர்களின் வாழ்க்கையை வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் 2010இல் திரைக்குக் கொண்டுவந்தது. கட்டட விதிமீறலுக்காக 2011 அக்டோபர் இறுதியில் அதிகாரிகள் இப்பகுதியின் பல கடைகளுக்குச் சீல் வைத்தனர். பொங்கல் வியாபாரத்தை ஒட்டி உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால அனுமதியோடு அவை மீண்டும் திறந்தன. 2017இல் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கடை ஒன்று எரிந்து, கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று.

புதிய நூற்றாண்டின் மால்களுக்கு வேண்டியது பரந்த மனை. அது நகரத்தின் பழைய சொத்துகளில்தான் கிடைத்தது. எக்ஸ்பிரஸ் அவென்யூ (2010) எழுந்த இடம் ஒருகாலத்தில் மெட்ராஸ் கிளப். பிறகு எக்ஸ்பிரஸ் நாளிதழின் வளாகம். வடபழனியில் விஜயா ஸ்டூடியோ நிலத்தில் ஒரு மால் வந்தது. 2013இல் வேளச்சேரியில் பீனிக்ஸ் திறந்தபோது, தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் குடியேறிய தெற்குப் பகுதிக்கு வியாபாரமும் நகர்ந்தது. இவற்றில் திரையரங்கும் உணவுக்கூடமும்தான் கூட்டத்தை இழுப்பவை. ஸ்பென்சர் பிளாசாவில் கடைகள் குறைந்துகொண்டே வந்தன. ரங்கநாதன் தெரு முதலாளிகளோ பாடி, போரூர், குரோம்பேட்டை என்று புறநகர்களிலேயே பெரிய கிளைகளைத் திறந்துவிட்டார்கள்.