பாறையில் பொறித்த புதிர்

திருமங்கலத்திற்கு வடக்கே கொங்கர்புளியங்குளம் என்னும் சிற்றூர் உண்டு. அவ்வூர்க் குன்றின் குகைத்தளத்தில் சமணத் துறவியர் துயின்ற கற்படுக்கைகளும், அவற்றிற்கு மேலே பாறையில் பொறித்த எழுத்துக்களும் இருக்கின்றன. மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பலவற்றிலும் இத்தகைய எழுத்துக்களைக் காணலாம். படிக்கும் முறையைச் சொல்லித் தர ஒருவரும் எஞ்சாத இந்தப் புதிரை அறிஞர்கள் எங்ஙனம் விடுவித்தனர்?

எழுத்து பிராமி வகையைச் சேர்ந்தது. வடநாட்டுப் பிராமியைப் படிக்கும் வழியை 1837-இல் கண்டவர், கல்கத்தா நாணயச் சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப். சாஞ்சித் தூபியைச் சூழ்ந்த கல்வேலியில் சிறுசிறு வாசகங்கள் பல இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே இரண்டு எழுத்துக்களில் முடிவதை அவர் கவனித்தார். புனிதத் தலத்தில் பலர் தனித்தனியே எதைப் பொறித்து வைப்பர்? தாம் அளித்த கொடையைத்தானே! நம் கோயில்களில் விளக்கின் மீதும் ‘உபயம்’ என்று எழுதி வைக்கிறார்கள் அல்லவா? அவ்விரண்டு எழுத்துக்களும் ‘தானம்’ என்று கொண்டார். அதிலிருந்து பிற எழுத்துக்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன.

ஆயினும் அத்திறவுகோல் பாண்டிநாட்டுக் குகைகளை எளிதில் திறக்கவில்லை. எழுத்து வடநாட்டினது போல் இருந்தமையால் மொழியும் பிராகிருதமே எனப் பலர் கருதினர். பொருள் சரிவரக் கிட்டவில்லை. கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இல் சென்னையில் கூடிய கீழ்த்திசை மாநாட்டில் வேறு வழி காட்டினார். வடமொழிகளில் மிகுதியாக வரும் வர்க்க எழுத்துக்கள் இங்கே மிக அரிது. வடநாட்டுப் பிராமியில் இல்லாத ழகர, றகர, னகரங்களோ இங்கே உண்டு. எனவே மொழி தமிழாகவே இருத்தல் வேண்டும். இருப்பதை மட்டுமன்றி இல்லாததையும் சான்றாகக் கொண்டாரே, அதுதான் இம்முடிவின் சிறப்பு என்பேன்.

பின்னும் ஒரு முடிச்சு இருந்தது. ‘மகன்’ என்று வரவேண்டிய சொல் ‘மாகான’ என்று நின்றது. கல் தச்சன் பிழை செய்தானோ? ஒரே பிழையைப் பல குன்றுகளில் பல தச்சர்கள் செய்வார்களா? ஆதலால் அது பிழையன்று, விதியே. பக்கக்கோடு இல்லாத எழுத்து மெய். கோடுள்ள எழுத்து இடத்திற்கேற்ப அகரமாகவோ ஆகாரமாகவோ ஒலிக்கும். இவ்விதியை வைத்து நீங்களே படித்துப் பாருங்கள். மா, கா, ன என்பவை ம, க, ன் ஆகிவிடும். இத்தகைய எழுத்துமுறைகளை 1960-களில் வகைப்படுத்தி விளக்கியவர் ஐராவதம் மகாதேவன். அவர் தொழிலால் தொல்லியலார் அல்லர். ஆட்சிப் பணி அலுவலர்.

அவரே 1965-இல் மாங்குளம் கல்வெட்டில் நெடுஞ்செழியன் என்னும் பெயரைக் கண்டார். இராபர்ட் சுவெல் 1882-இலேயே கண்டறிந்த கல்வெட்டுத்தான் அது! நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி, நந்தன் என்னும் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி அதில் உள்ளது. சங்கப் பாடல்களில் மட்டும் கேட்டிருந்த பாண்டியர் பெயர், கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கல்லிலும் கிடைத்துவிட்டது.

அப்படியாயின் இவன்தான் தலையாலங்கானத்துப் போரில் வென்ற நெடுஞ்செழியனோ என்று மாணவர்கள் கேட்கக்கூடும். அப்பெயர் பூண்ட பாண்டியர் ஒருவருக்கு மேற்பட்டவர். பெயர் ஒன்றாயிருப்பதைக் கொண்டு ஆளும் ஒருவனே எனத் துணிய இக்கல்வெட்டு இடந்தரவில்லை.