மரச்சீனியும் கணையக் கல்லும்



வராகமூர்த்தி கோயில் கொண்டுள்ள ஸ்ரீவராகத்துக்கும் திருவனந்தபுரம் கோட்டைக்கும் இடையே தொலைவு அதிகமில்லை. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்சக் காலத்தில் அரிசியை மட்டுமே நம்பியிருத்தலாகாது எனக் கருதி, மரச்சீனிப் பயிரை நாடெங்கும் பரப்ப ஊக்கமளித்தார். ஏழைகளின் பசியாற்றிய அக்கிழங்கு, ஒரு நூற்றாண்டு கழிவதற்குள் நோயொன்றின் காரணமாகக் குற்றஞ்சாட்டப் பெற்றது.

அந்நோய் கணைய அழற்சி. மதுவையே அறியாத சிறுவர்களும் வயிற்று வலியால் துடிப்பர். சில ஆண்டுகளில் நீரிழிவு தோன்றும். எக்ஸ்ரே படத்தில் கணையத்தினுள் கற்கள் தென்படும். இந்தோனேசியாவில் சூய்தெமா என்னும் மருத்துவர் இதனை விவரித்த கட்டுரை 1959-இல் வெளிவந்தது. கேரளத்தில் இந்நோயை ஆயுட்பணியாகக் கொண்டு ஆராய்ந்தவர் மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ், 1968-இல் இதுபற்றித் தனி நூலே எழுதினார். கிழங்கிலுள்ள சயனைடு நஞ்சு, புரதக் குறைவுள்ள உடலில் முறியாது தங்கிக் கணையத்தைக் கெடுக்கிறது என்ற கருத்தை 1979-இல் அவரும் மக்மில்லனும் வெளியிட்டனர். ஆயினும் மரச்சீனி உண்ணாத பகுதிகளிலும் இந்நோய் உண்டு. கிழங்கின்மேல் சுமத்திய பழி முற்றும் நிலைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்-1 என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பதைப் பின்னர் 2002-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின், கணையத்தினுள்ளேயே விழித்துக்கொள்ளாதபடி அடக்கும் காவற்பொருளை ஆக்குவது அம்மரபணுவே. காவல் தளர்ந்தால் கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கும்.

அழற்சி என்பது உடலின் பாதுகாப்பு வினைதான். காயம் ஆறியதும் அது அடங்க வேண்டும். அடங்காது ஆண்டுக்கணக்கில் நீடிப்பின், வெள்ளணுக்கள் உமிழும் பொருள்கள் நம் அணுக்களின் மரபுப்பொருளையே சிதைக்கின்றன. சிதைந்த அணுக்களோ ஓயாது பெருகத் தூண்டப்படுகின்றன. சுற்றிலும் தழும்புத்திசு தடிக்கிறது. புற்றணுவை அழிக்க வல்ல டி-லிம்போசைட்டுகள் அவ்வேலியைக் கடந்து உட்புக இயலுவதில்லை. அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் உறவுண்டு என ஜெர்மானிய அறிஞர் விர்ச்சோ 1863-லேயே ஐயுற்றார்.

அவ்வுறவு நம்மவரிடையே எத்துணைக் கொடியது என்பதை 1994-இல் வெளியான சென்னை ஆய்வு ஒன்று உணர்த்திற்று. தொடர்ந்து கவனிக்கப்பட்ட 185 கணைய அழற்சி நோயாளிகளில் 24 பேர் இறந்தனர். அவர்களுள் 6 பேரைக் கொன்றது கணையப் புற்றுநோய். பிறரைவிட இவர்களுக்கு அவ்வபாயம் ஏறத்தாழ நூறு மடங்கு எனக் கணக்கிடப்பட்டது. முன்னாளில் இந்நோயாளிகள் பலர் இளமையிலேயே மாண்டனர். ஆதலால் புற்றுநோய் தலைகாட்ட நாளில்லை. இன்சுலினும் நல்லுணவும் அவர்களை நடுவயதுக்குக் கொண்டு சேர்த்த பின்னரே அது கண்ணிற் பட்டது. பழைய நோயாளி ஒருவருக்கு அடங்கியிருந்த வலி திரும்பினாலோ, உடல் காரணமின்றி மெலிந்தாலோ, காமாலை கண்டாலோ, மருத்துவர்கள் இன்று முதலில் ஐயுறுவது அதனையே.