ஆறும் தறியும்: ஆரணி நகரின் வரலாற்றுத் தடங்கள்

ஒரு நகரை எங்கே அமைப்பது என்னும் வினாவை வரலாற்றுத் தத்துவத்தின் பகுதியாகவே கொண்டு ஆராய்ந்தவர் இப்னு கல்தூன் (ரஹ்). ஹிஜ்ரி 779-ல், அதாவது கி.பி. 1377-ல், தாம் எழுதி முடித்த 'முகத்திமா'வில் நகர் ஒன்றுக்கு இன்றியமையாதவற்றை அவர் வகுத்துரைக்கிறார். பகைவரிடமிருந்து காவல், கெடாத காற்று, அண்மையில் நீர், கால்நடைக்கு மேய்ச்சல், மக்களுக்கு விளைநிலம், அடுப்புக்கு விறகு என்பன அவை. தம் ஒட்டகங்களுக்கு ஏற்ற இடம் எது என்பதை மட்டும் பார்த்துக் கூஃபா, பஸரா, கைரவான் ஆகிய நகரங்களை அமைத்த முன்னோரையும் அவர் குறைகூறத் தயங்கவில்லை.

பேரரசுகளின் தலைநகரங்களுக்கு மட்டுமன்றிச் சிற்றூர்களுக்கும் சிறு நகரங்களுக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். வடஆற்காட்டுச் சீமையில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த ஆரணியை அந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து. பட்டுப் புடவையால் பெயர்பெற்ற ஊர் என்றே பலரும் அதனை அறிவர். இந்திய வரலாற்றின் போக்கை மாற்றிய இரு போர்கள் அதன் வயல்வெளிகளில் நிகழ்ந்தன என்பதையும், அவ்வரலாற்றில் நமக்கும் பங்கு உண்டு என்பதையும் அறிந்தோர் சிலரே.

நிலமும் நீரும்

வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், திருவண்ணாமலை மாவட்டத்தின் வடபகுதியில் உள்ளது ஆரணி. 1989-ல் பழைய வடஆற்காடு மாவட்டம் பிரிக்கப்படும் வரை அது வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆட்சியின்கீழ் இருந்தது. மேற்கே ஜவ்வாது மலைத்தொடர். அம்மலைச் சாரலில் தோன்றும் கமண்டல நதியும் நாகநதியும் கூடி ஒரே பெயருடன் கிழக்கு நோக்கி ஓடிச் செய்யாற்றில் கலக்கின்றன. செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றைச் சேர்கிறது. ஆக, ஆரணியின் நீர் இறுதியில் பாலாற்றின் நீரே.

இது ஆண்டு முழுதும் ஓடும் ஆறன்று. தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலுமாக, ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீட்டர் மழை இப்பகுதிக்குக் கிடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இருகரை தொட்டு ஓடும் நதி, சித்திரையில் வெறும் மணற்படுகை. வெயிலோ 40 பாகை செல்சியஸைத் தாண்டும். ஆற்றில் நீர் காணாத நாட்களிலும் மணலுக்கடியில் ஊற்று இருக்கும். அதனை நம்பியே கிணறுகளும், மழைநீரைத் தேக்கிவைக்கும் ஏரிகளும், அவற்றைச் சார்ந்த நெல்வயல்களும் உருவாயின. அருகிலுள்ள களம்பூரின் அரிசி இன்றும் சந்தையில் தனிப்பெயர் பெற்றிருப்பது இந்நிலத்தின் வளத்துக்குச் சான்று.

ஆற்றுக்கு அணியாக அமைந்ததால் 'ஆரணி' என்பர் சிலர். காடு எனப் பொருள்படும் 'ஆரண்யம்' மருவிற்று என்பர் வேறு சிலர். எப்பெயர் முந்தியதாயினும், ஆறும் காடும் இவ்வூரின் பிறப்புக்குக் காரணங்கள் என்பதில் இரு சாராருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

பல சமயத்தார் வாழ்ந்த வெளி

ஆரணியைச் சூழ்ந்த நிலப்பரப்பு மிகப் பழைய நாகரிகம் உடையது. போளூரை அடுத்த திருமலையில் 16 அடி உயர நேமிநாதர் சிலையும், சோழ இளவரசி குந்தவையின் பெயர் தாங்கிய சமணக் கோயிலும் உள்ளன. ஆரணியை அடுத்த பூண்டியிலும் அருகர் கோயில் உண்டு. தமிழ்ச் சமணர் இன்றும் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். ஆரணி ஆற்றங்கரையிலுள்ள புத்திரகாமேட்டீசுவரர் கோயிலைத் தசரத மன்னன் வேள்வியோடு இணைத்துப் பேசுகிறது தலபுராணம். மேற்கே படைவீடு, சம்புவராயர்களின் தலைநகராக விளங்கியது. 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரை சுல்தான்களை எதிர்த்துத் தெற்கே செல்லுமுன் முதலில் வென்றது இச்சம்புவராயர் நாட்டையே.

வடக்கே ஆற்காடு, வடமேற்கே வேலூர்க் கோட்டை, தெற்கே செஞ்சிக் கோட்டை. இம்மூன்றுக்கும் இடையில் நீரும் நெல்லும் உள்ள ஓர் ஊர் எவர் கண்ணிலும் படாமல் இருக்க இயலுமா? படைகள் செல்லும் வழியில் தங்கி உண்ண ஏற்ற இடமாக இருந்ததே ஆரணிக்குப் பெருமையும் தந்தது, துன்பமும் தந்தது.

ஜாகிர் பிறந்த விதம்

ஏறத்தாழ 1640-ஆம் ஆண்டில் பீஜப்பூர் அடில்ஷாஹி சுல்தானின் படைத்தலைவராகக் கர்நாடகத்துக்கு வந்தவர் ஷாஹ்ஜி போன்ஸ்லே. மராட்டிய மன்னர் சிவாஜியின் தந்தை இவர். தம்முடன் பணியாற்றிய வேதாஜி பாஸ்கர் பந்த் என்னும் மராட்டியப் பிராமணருக்கு ஆரணியை ஜாகிராக வழங்கினார். சுல்தானின் அரசுரிமை, இந்துத் தளபதியின் கை, பிராமண அதிகாரியின் பயன் என இம்மூன்றும் ஒரே கொடையில் கூடியதைக் கவனிக்க வேண்டும். அந்தக் குடும்பத்தின் உரிமையைப் பின்னர் ஆற்காட்டு நவாபுகளும், அவர்களுக்குப்பின் ஆங்கிலக் கம்பெனியும் ஏற்றுக்கொண்டனர். சத்தியவிஜயநகரத்திலும் பூசிமலைக்குப்பத்திலும் ஜாகிர்தார்கள் கட்டிய மாளிகைகள், சிதைந்த நிலையிலும், அக்காலத்தை நினைவூட்டுகின்றன.

அன்றைய அரசியலை 'முஸ்லிம் ஆட்சி', 'இந்து ஆட்சி' எனப் பிரித்துப் பேசுவோர் ஆரணியின் வரலாற்றை ஒருமுறை படிப்பது நலம். ஆட்சியாளர் நிலவரியையும் படைபலத்தையும் கணக்கிட்டார்கள். துணைவர்களைத் தேடியபோது சமயத்தை முதலில் கேட்கவில்லை.

சேறு தீர்மானித்த போர்

1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கான் கொல்லப்பட்டபின், ஆற்காட்டு அரியணைக்கு இருவர் உரிமை கோரினர். அன்வருத்தீனின் மகன் முகம்மது அலிக்கு ஆங்கிலேயரும், சந்தா சாகிபுக்குப் பிரஞ்சுக்காரரும் துணைநின்றனர். 1751 செப்டம்பர் முதல் நவம்பர் வரை 50 நாட்கள் ஆற்காட்டுக் கோட்டையை முற்றுகையிட்டுப் பயன்காணாத சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப், பின்வாங்கிப் பிரஞ்சுத் துணைப்படையுடன் ஆரணியை அடைந்தார். ராபர்ட் கிளைவ் அவரைத் தொடர்ந்தார். கிளைவிடம் இருந்த ஐரோப்பியர் சுமார் 200 பேர். மொராரி ராவின் மராட்டியக் குதிரைவீரர் சுமார் 600 பேர். அவர்களுடன் சிப்பாய்களும் இருந்தனர். எதிரணியோ எண்ணிக்கையில் மிகப் பெரிது.

1751 டிசம்பர் 3-ஆம் நாள் போர் நடந்தது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஓயும் பருவம் அது. நெல்வயல்கள் சேறாகக் கிடந்தன. மேட்டு நிலத்தில் நின்ற கிளைவின் அணியை நோக்கிச் செல்ல, வயல்களுக்கு நடுவே ஒடுக்கமான வரப்புப்பாதை ஒன்றே இருந்தது. அதன்வழி முன்னேறியவர்கள் பீரங்கிக்கு இலக்காயினர். வயலில் இறங்கியவர்களின் கால்கள் சேற்றில் புதைந்தன. பெரும்படை சிறுபடையிடம் தோற்றது. பிரஞ்சு அணியின் சிப்பாய்களில் பலர் பின்னர் கிளைவிடமே வந்து சேர்ந்தனர். இதே போர் சித்திரையில் நடந்திருந்தால், இறுகிய கட்டாந்தரையில் குதிரைப்படை என்ன செய்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. தளபதிகளின் திறமையைப் பக்கம் பக்கமாக எழுதும் ஆசிரியர்கள் மழைக்கு ஒரு வரி ஒதுக்குவதில்லை.

இப்போரிலும் அரியணை கேட்ட இருவரும் முஸ்லிம்களே. வெற்றி பெற்ற முகம்மது அலிக்குக் குதிரை தந்தவர்கள் மராட்டியரே. ஆனால், உண்மையில் வென்றவர் முகம்மது அலியா? 'வாலாஜா' என்னும் பட்டத்துடன் அவர் 1795 வரை நவாபாக வாழ்ந்தார். கடனும் கம்பெனியின் பிடியும் ஆண்டுதோறும் வளர்ந்தன. அவர் மறைந்த 6 ஆண்டுகளில், 1801-ல், கர்நாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. உறவினருக்குள் எழுந்த வழக்கைத் தீர்க்க அயலானை அழைத்ததன் பலன் அது.

ஹைதரின் களஞ்சியம்

30 ஆண்டுகளுக்குப் பின் ஆரணி மீண்டும் போர்க்களமாயிற்று. 1780-ல் பொள்ளிலூரில் பெய்லியின் படையை முறியடித்து ஆற்காட்டையும் கைப்பற்றிய ஹைதர் அலி, தம் படைக்கலங்களையும் தானியத்தையும் ஆரணிக் கோட்டையில் சேமித்து வைத்தார். அக்களஞ்சியத்தைப் பிடித்துவிட்டால் மைசூர்ப் படை பசியால் பின்வாங்கும் எனக் கருதிய தளபதி அயர் கூட், 1782 ஜூன் 2-ஆம் நாள் அங்கு ஹைதருடன் மோதினார். களத்தில் ஹைதர் பின்வாங்கினார். ஆயினும் கோட்டை கூட்டின் கைக்கு வரவில்லை. தந்தை எதிரியைத் தம்பக்கம் ஈர்த்துக்கொண்டிருந்த வேளையில் மகன் திப்பு கோட்டைக் காவலை வலுப்படுத்திச் செல்வத்தைக் காத்தார். அயர் கூட்டும் ஹைதரும் நேருக்கு நேர் பொருதிய கடைசிப் போர் இதுவே. அவ்வாண்டு டிசம்பர் 7-ல் ஹைதர் மறைந்தார். அடுத்த ஏப்ரலில் கூட்டும் மறைந்தார்.

கோட்டை இன்று இல்லை. 1790-ல் ஆரணியில் இறந்த ஆங்கிலத் தளபதி கர்னல் ராபர்ட் கெல்லியின் நினைவுத்தூண் நிற்கிறது. வென்றவர்கள் தங்கள் இறந்தோருக்குத் தூண் எழுப்பினர். இருதரப்பிலும் மாண்ட எளிய சிப்பாய்களை நினைவுகூர ஒரு கல்லும் இல்லை.

திப்புவின் நூல்

ஆரணிக் கோட்டைக்குப் படைகொண்டு வந்த இளவரசர் திப்பு, பின்னர் சுல்தானாகி மைசூர் நாட்டில் பட்டுப்புழு வளர்ப்பை ஊக்குவித்தார். புழுக்களையும் தொழில்நுட்பத்தையும் பெற வங்காளத்துக்கு ஆட்களை அனுப்பினார். மல்பெரித் தோட்டங்களை வளர்க்க ஆணையிட்டார். அவர் ஊன்றிய வித்து வளர்ந்து, இந்தியாவில் மிகுதியாகக் கச்சாப்பட்டு விளையும் மாநிலமாகக் கர்நாடகம் இன்று திகழ்கிறது. ஆரணித் தறிகளில் ஏறும் நூலிலும் அம்மாநிலத்துப் பட்டு உண்டு. வாளுடன் ஆரணிக்கு வந்தவரின் வாள் மறைந்தது. அவர் பேணிய புழுவின் நூல் அவ்வூர் மக்களுக்கு இன்றளவும் சோறு போடுகிறது. ஆட்சியாளர் ஒருவரை எதைக்கொண்டு மதிப்பிடுவது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு நமக்குத் தோன்றவில்லை.

செங்குந்தரும், குஜராத்திலிருந்து தெற்கே பெயர்ந்து வந்த சௌராஷ்டிரரும் ஆரணி நெசவை வளர்த்தோருள் முதன்மையானவர்கள். சுற்றியுள்ள ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் ஆகிய ஊர்களிலும் தறியோசை கேட்கும். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

சிலகாலம் முன்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு நாம் ஆரணி சென்றிருந்தோம். ஹனஃபி சட்டநூலான 'ஹிதாயா'வில் ஆடை பற்றிய பாடம் அப்போது நடந்துகொண்டிருந்தது. ஆண்களுக்குத் தூய பட்டு விலக்கப்பட்டது, பெண்களுக்கு ஆகுமானது. 'ஸதா' பட்டாகவும் 'லுஹ்மா' வேறு நூலாகவும் இருந்தால் ஆணும் அணியலாம் என்பது அந்நூலின் தீர்ப்பு. மாணவர்கள் இச்சொற்களை மனப்பாடமாகச் சொல்வார்கள். பொருள் கேட்டால் விழிப்பார்கள். தறிக்குழியில் கால்வைத்து அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "தம்பி, நீளவாக்குல கட்டியிருக்கே, இது பாவு. நாடாவுல குறுக்கே போறது ஊடை. ஊடை ஓடினாத்தான் துணி; ஓடாத வரைக்கும் இது வெறும் நூல்தான்" என்றார். ஆடை நெசவால் ஆடையாகிறது, நெசவு ஊடையால் முடிகிறது, ஆகவே சட்டம் ஊடையையே பற்றும் என்னும் ஃபிக்ஹு நுட்பத்தை அவர் அறியாமலே விளக்கிவிட்டார். பட்டுப் பாவில் பருத்தி ஊடை ஓட்டிய துணிக்கு 'மஷ்ரூ', அதாவது 'மார்க்கம் அனுமதித்தது' என்று பெயர் வழங்கியதன் காரணமும் மாணவர்களுக்கு அன்றுதான் விளங்கியது.

அவரே தட்பவெப்பத்தையும் எடுத்துரைத்தார். கடுங்கோடையில் நூல் உலர்ந்து அறும். தறிக்குழியின் ஈரமும் குளிர்ச்சியுமே அதைக் காக்கும். அடைமழையிலோ அதே குழியில் நீர் ஊறும். தெருவில் பாவு விரிக்க இயலாது. அடுப்பு எரிவதும் கடினம். நெசவாளியின் நாட்காட்டியை வானமே எழுதுகிறது.

நம் பொறுப்பு

கரைபோட்ட பட்டுப் புடவையைக் கைத்தறிக்கென ஒதுக்கும் சட்டம் 1985-ல் இயற்றப்பட்டது. இருந்தும் விசைத்தறியின் போட்டியும், பட்டு நூல், சரிகை ஆகியவற்றின் விலையேற்றமும் நெசவாளரை நெருக்குகின்றன. அவர்தம் பிள்ளைகள் வேறு தொழில் தேடிச் செல்கின்றனர். ஆறோ, மணலை இழந்து ஊற்றையும் இழந்து வருகிறது. 2021 நவம்பரில் பாலாற்றுப் படுகை கண்ட பெருவெள்ளம், மறந்த வழியை ஆறு மறப்பதில்லை என்று நமக்கு நினைவூட்டிற்று.

வரலாற்றின் ஊற்றும் இவ்வாறே தூர்ந்து வருகிறது. இப்பகுதியின் இரு நூற்றாண்டு ஆவணங்கள் பெரும்பாலும் பாரசீகத்தில் உள்ளன. வாலாஜா நவாபின் வரலாறான 'துஸகே வாலாஜாஹி'யை 1930களில் ஆங்கிலத்தில் பெயர்த்து நமக்களித்தவர் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ். முகம்மது ஹுஸைன் நைனார். தமிழ் முஸ்லிம் ஒருவர் ஆற்றிய அப்பணிக்குப்பின் அத்தகைய முயற்சிகள் அருகிவிட்டன. நாம் ஓதிய காலத்தில் அரபு மதரஸாக்களில் குலிஸ்தானும் போஸ்தானும் பாடமாக இருந்தன. இன்று பல இடங்களில் பாரசீகமே இல்லை. அதை நீக்கும்போது எதிர்த்துப் பேசாதவர்களுள் நாமும் ஒருவர் என்பதை மறைப்பதற்கில்லை. பாட்டனார் விட்டுச்சென்ற வக்ஃபுப் பத்திரத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, படித்துச் சொல்ல ஆள்தேடி அலையும் முத்தவல்லிகள் அதன் விளைவை அனுபவிக்கின்றனர்.

சிற்றூர்களின் பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் உள்ள பத்திரங்களும் கல்லறை எழுத்துகளும் அழியுமுன் படியெடுக்கப்பட வேண்டும். அவற்றைப் படிக்கவல்ல மாணவர் சிலரையேனும் நம் அரபுக் கல்லூரிகள் உருவாக்க வேண்டும். நம் வரலாற்றை நாம் எழுதாவிடில் பிறர் எழுதுவர். அப்போது ஆரணியில் சுல்தானும் ஷாஹ்ஜியும் பந்தும் ஒரே கொடையில் கூடி நின்ற காட்சி மறைக்கப்பட்டு, வாள்கள் மட்டுமே எஞ்சும்.

முன்னோர் விட்டுச்சென்ற பாவு தறியில் கட்டப்பட்டே இருக்கிறது. ஊடையை ஓட்டும் நல்வாய்ப்பை வல்ல இறைவன் நமக்கும் நம் மாணவர்களுக்கும் அருள்வானாக.