ஈரத்துணி மாற்றுதல்

அம்மாவின் முழங்கால் வலிக்கு, தண்ணீரில் நடந்தால் நல்லது என்று மருத்துவர் சொன்னார். சிங்கப்பூரில் எங்கள் புளோக்கிலிருந்து பத்து நிமிட நடையில் ஒரு பொது நீச்சல் குளம் இருக்கிறது. முழுக்கை வைத்த நீச்சலுடை வாங்கிக் கொடுத்து அழைத்துப் போனேன். தண்ணீருக்கு அம்மா பயப்படவில்லை. மார்பளவு நீரில் அரைமணி நேரம் நடந்தார். சிக்கல் கரையேறிய பிறகுதான் வந்தது.

பெண்கள் உடை மாற்றும் அறையில் ஒரு நீளமான பெஞ்சு, சுவரில் கொக்கிகள், எதிரே கதவு போட்ட நான்கு குளியலறைகள். நான்கிலும் ஆள் இருந்தார்கள். பெஞ்சுக்கு அருகில் இரண்டு வயதான சீனப் பெண்கள் உடம்பில் ஒன்றுமில்லாமல் நின்று, தலையைத் துவட்டியபடி சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஈர உடைக்கு மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்றார். வழி முழுக்கத் தண்ணீர் சொட்டியது. லிஃப்டில் ஏறியவர்கள் எங்கள் காலடியைப் பார்த்தார்கள்.

"எல்லாரும் பொம்பளைங்கதானேம்மா, இதுல என்ன இருக்கு?" என்றேன்.

"அதுக்காக?" என்றார் அம்மா. அதன்பிறகு ஒரு மாதம் குளத்துப் பக்கமே வரவில்லை.

எனக்குக் கோபம். அம்மாவின் கூச்சத்தைப் பழைய காலத்து மனத்தடை என்று நினைத்தேன். உடை மாற்றும் அறை என்ற ஒன்று எங்கிருந்து வந்தது என்று வாசிக்க ஆரம்பித்தது அந்தக் கோபத்தில்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கடல் குளியல் ஒரு மருத்துவமாகப் பரவியது. வசதி படைத்தவர்கள் கடற்கரைக்கு வந்தார்கள். உடை மாற்ற இடமில்லை. அதற்காக உருவானது குளியல் வண்டி. நான்கு சக்கரங்களின் மேல் ஒரு சின்ன மர அறை. கரையில் உடுப்போடு ஏற வேண்டும். குதிரை அதைக் கடலுக்குள் இழுத்துப் போகும். உள்ளேயே உடை மாற்றி, கடல் பக்கமாக உள்ள படியில் இறங்கலாம். மார்கேட் நகரத்து பெஞ்சமின் பீல் என்பவர் 1750 வாக்கில் அந்தப் படிக்கு மேல் மடக்கி விரிக்கும் கித்தான் கூடாரம் ஒன்றையும் சேர்த்தார் என்பார்கள். விக்டோரியா மகாராணி முதன்முதலாகக் கடலில் குளித்தது 1847இல், ஆஸ்போர்ன் மாளிகைக் கடற்கரையில், இப்படியொரு வண்டியிலிருந்து இறங்கித்தான். அந்த வண்டியை இன்றும் அங்கே பார்க்கலாம்.

அதே காலத்தில் அதே நாட்டில் ஆண்கள் பலர் கடலில் நிர்வாணமாகவே குளித்தார்கள். பாதிரியார் பிரான்சிஸ் கில்வெர்ட் 1870களில் எழுதிய நாட்குறிப்பில், சில ஊர்களில் அரைக்கால் உடுப்பு போட்டுத்தான் குளிக்க வேண்டியிருக்கிறது என்று அலுத்துக்கொள்கிறார். ஒரு பாதிரியார்! விக்டோரியா காலத்து நாகரிகம் என்று நாம் நினைத்துக்கொள்வது அவர்களுக்கே புதிதாகத்தான் இருந்திருக்கிறது.

நகரத்து ஏழைகளுக்கு வண்டி கிடையாது. 1846இல் வந்த பொதுக் குளியலறைச் சட்டத்துக்குப் பிறகு பிரிட்டன் நகரங்களில் குளியல் கூடங்களும் நீச்சல் குளங்களும் கட்டப்பட்டன. மான்செஸ்டரில் 1906இல் திறந்த விக்டோரியா பாத்ஸில் மூன்று குளங்கள்: முதல் வகுப்பு ஆண்களுக்கு ஒன்று, இரண்டாம் வகுப்பு ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. குளத்தைச் சுற்றி வரிசையாகத் திரை போட்ட சின்னச் சின்னத் தடுப்புகள். புதுத் தண்ணீர் முதல் வகுப்புக்குப் போகும். அவர்கள் குளித்த தண்ணீர் இரண்டாம் வகுப்புக்கு. கடைசியில் பெண்களுக்கு. திரை எல்லோருக்கும் உண்டு, சுத்தமான தண்ணீர்தான் எல்லோருக்கும் இல்லை.

இங்கே கதை இன்னும் வெளிப்படையானது. 1894இல் தொடங்கிய சிங்கப்பூர் நீச்சல் கிளப் ஐரோப்பியர்களுக்கானது. அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் சீனர்கள் தங்களுக்கென்று ஒரு நீச்சல் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். பொதுமக்களுக்கான முதல் நீச்சல் குளம் மவுண்ட் எமிலியில் திறந்தது 1931இல். பழைய குடிநீர்த் தேக்கத்தை மாற்றி அமைத்த குளம் அது. நின்று உடை மாற்றச் சுவர் வேண்டுமென்றால் பணமோ நிறமோ வேண்டும் என்றிருந்த ஊரில், கட்டணம் கட்டினால் யாரும் நுழையலாம் என்பது சின்ன விஷயமல்ல.

எது ஒழுக்கம் என்பதும் நிலையாக இருக்கவில்லை. அமெரிக்காவில் பொதுச் சுகாதாரச் சங்கம் 1926இல் வெளியிட்ட குள விதிகள், ஆண்கள் மட்டும் நீந்தும் உள்ளரங்கக் குளங்களில் நிர்வாணமாக நீந்துவதைப் பரிந்துரைத்தன. அன்றைய கம்பளி நீச்சலுடையின் இழைகள் வடிகட்டியை அடைத்தன, உடையில் அழுக்கும் கிருமியும் தங்கின என்பது காரணம். ஒய்.எம்.சி.ஏ. குளங்களிலும் பல பள்ளிக் குளங்களிலும் 1960கள் வரை பையன்கள் அப்படித்தான் நீந்தினார்கள். ஐஸ்லாந்தில் இன்றும் நீச்சலுடை இல்லாமல் சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் குளத்தில் இறங்கலாம். எந்தெந்த இடத்தைத் தேய்க்க வேண்டும் என்று படம் போட்டே ஒட்டியிருப்பார்கள். உடையோடு குளிப்பவர்தான் அங்கே மரியாதை தெரியாதவர்.

இதையெல்லாம் ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன். ஐஸ்லாந்துக்குச் சிரித்தார். பிறகு, நான் கேட்காமலேயே, கெடாவில் அவர் வளர்ந்த ரப்பர் தோட்டத்துப் பைப்படியைப் பற்றிச் சொன்னார்.

லயத்துக்கு ஒரு பைப்பு. சுவர் கிடையாது, கூரை கிடையாது. பால்மரக் காட்டிலிருந்து வந்ததும் பெண்கள் கைலியை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு குளிப்பார்கள். மலாய்ப் பெண்கள் கெம்பான் என்று சொல்லும் அதே கட்டு. குளித்து முடித்ததும் காய்ந்த கைலியைத் தலைவழியாகப் போட்டு, ஓரத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, உள்ளே ஈரக் கைலியின் முடிச்சை அவிழ்த்தால் அது காலடியில் விழும். காய்ந்ததை இறுக்கி முடிந்துகொள்ள வேண்டியதுதான். "பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிரும். பத்து வயசுலயே எங்களுக்கு வந்துரும்."

"ஆம்பளைங்க?"

"அந்தப் பக்கம் வர்றவன் தூரத்துலயே இருமுவான். தலையக் குனிஞ்சிட்டுப் போவான். அது தெரியாதவன வீட்டுல திட்டுவாங்க."

கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு மண்டோரு இருந்தான்" என்றார். சைக்கிளை நிறுத்திவிட்டு நின்று பார்ப்பானாம். வேலை போடுகிறவனை யார் திட்டுவது? அவன் இருந்த வரை பெண்கள் விடியுமுன் இருட்டில் குளித்துவிட்டு பிரட்டுக்குப் போயிருக்கிறார்கள். அம்மா இதை என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

சுவர் இல்லாத இடத்தில் மானத்தைக் காப்பாற்ற இரண்டு விஷயங்கள் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. ஒன்று குளிப்பவரின் கைப்பழக்கம். மற்றது கடந்து போகிறவரின் பார்வை. முதலாவதை அம்மா பத்து வயதில் கற்றுக்கொண்டார். இரண்டாவது எப்போதுமே மற்றவர் கையில் இருந்தது. அதிகாரம் உள்ளவன் அதை மீறினால் கைலியால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சொந்தத்தில் ஒரு அத்தை, "பொம்பளைங்க பொது இடத்துல துணி மாத்துறது நம்ம பண்பாடா?" என்று கேட்டார். தோட்டத்தில் எங்கே மாற்றினார்கள் என்று அவருக்கும் தெரியும். நாச்சியார் திருமொழியின் மூன்றாம் பகுதி முழுக்க, கரையில் வைத்த துணியை எடுத்துக்கொண்டு மரமேறிய கண்ணனிடம் நீரில் நிற்கும் பெண்கள் கெஞ்சுவதும் கடிந்துகொள்வதும்தான். அங்கே பெண்கள் துணியைக் கழற்றிவிட்டுக் குளித்ததை யாரும் குற்றமாகப் பேசவில்லை. எடுத்தவனிடம்தான் வழக்கு.

அடுத்த முறை குளத்துக்குப் போனபோது அம்மா பையில் ஒரு கைலி வைத்திருந்தார். கதவுள்ள அறை ஒன்று காலியாகத்தான் இருந்தது. அம்மா அதற்குக் காத்திருந்த ஒரு கர்ப்பிணியை உள்ளே போகச் சொன்னார். பெஞ்சருகே நின்று கைலியைத் தலைவழியாகப் போட்டு ஓரத்தைப் பல்லில் கடித்தார். நான் மனத்துக்குள் எண்ணினேன். பன்னிரண்டு ஆனது. வயசு அப்படி.

அதே இரண்டு சீனப் பெண்கள் அன்றும் இருந்தார்கள். அம்மா மாற்றி முடிக்கும் வரை அவர்கள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. முதல் நாளும் அவர்கள் எங்களைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான்தான் அவர்களைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். அந்த அறையில் பழக்கம் தெரியாமல் நடந்துகொண்டது அம்மா இல்லை.

முடிச்சுப் போட்ட பிறகு அதில் ஒருவர் திரும்பி, கைலியைக் காட்டி மலாயில், "பண்டாய் லா, மக்சிக்" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே ஈர உடையைப் பிழிந்தார்.