சோழியும் வாக்கியமும்: ஒரு பழைய கணிப்புமுறையின் வரலாறு

கணித்தல் வேறு, கணிதத்தை உணர்தல் வேறு. கூட்டலும் கழித்தலும் வகுத்தலும் வழுவின்றிச் செய்யும் ஒருவன் அவற்றின் காரணத்தை அறியாதவனாயும் இருத்தல் கூடும். கணிப்புப் பொறிகள் பெருகிய இக்காலத்தில் இவ்வேறுபாடு அறிஞர் பலரது சிந்தனைக்கு உரியதாயிற்று. ஆயின், பொறிகள் தோன்றுமுன்னரே தமிழ் மக்களிடையே வழங்கிய வாக்கிய முறை இவ்வேறுபாட்டைத் தெளிவுறக் காட்டி நிற்கின்றது. அதன் வரலாறு பஞ்சாங்கம் கணிப்போர்க்கு மட்டுமன்றிக் கணிதம் பயில்வோர் யாவர்க்கும் பயன்தருவதாகும்.

சந்திரன் விண்ணில் ஒரே வேகத்துடன் செல்வதில்லை. புவிக்குச் சேய்மையிலுள்ள உச்சத்தில் அதன் கதி குறைகின்றது. அண்மையில் அது மிகுகின்றது. ஓர் உச்சத்திலிருந்து மறுபடியும் உச்சத்தை அடைய அதற்கு ஏறக்குறைய 27 நாள் 13 மணி 18½ நிமிடம் செல்லும். இத்தகைய சுற்று ஒன்பது கூடின், 248 நாளுக்கு 13 நிமிடமே குறையும். ஆகவே 248 நாள்களுக்கும் சந்திரன் நிற்கும் இடத்தை ஒருமுறை கணித்து வைத்துக்கொண்டால், அதன் பின்னர் அவ்வட்டவணையையே மீட்டும் மீட்டும் பயன்படுத்தலாம். இதுவே வாக்கிய முறையின் அடிப்படை.

அவ்வட்டவணை எண்களாக எழுதப்படவில்லை. கடபயாதி என்னும் முறையில் ஒவ்வோர் எண்ணும் ஒரு சிறு தொடராக்கப்பட்டது. வடமொழி நெடுங்கணக்கில் க, ட, ப, ய என்பன ஒன்றைக் குறிக்கும். அவற்றை அடுத்து வரும் எழுத்துக்கள் முறையே இரண்டு, மூன்று என மேற்செல்லும். எண்களை வலமிருந்து இடமாக வாசித்தல் வேண்டும். 248 என்னும் எண்ணைத் தரும் ‘தேவர’ என்னும் சொல்லில் முதலெழுத்து 8, இரண்டாவது 4, மூன்றாவது 2 ஆகும். இவ்வாறமைந்த 248 தொடர்களும் சந்திர வாக்கியங்கள் எனப்படும். மரபு அவற்றை வரருசி என்பார்க்கு உரியனவாகக் கூறும். ஏடும் எழுத்தாணியும் இன்றியே ஓர் அட்டவணை முழுவதையும் மாணவன் நெஞ்சிற் பதிக்க இம்முறை உதவிற்று.

ஒன்பது சுற்றிற் குறையும் 13 நிமிடம் காலப்போக்கிற் பெருகிப் பிழையாகும் என்பதை முன்னோர் அறிந்திருந்தனர். ஆதலின் 248 உடன் 3,031, 12,372 என்னும் இரு பெரிய எண்களையும் அவர் வகுத்துக்கொண்டனர். 3,031 நாளில் 110 சுற்றுக்கள் நிறைவுறும். அங்கே வரும் பிழை ஒரு நிமிடத்தினும் குறைவு. 3,031ஐ நான்கால் பெருக்கி 248ஐக் கூட்டின் 12,372 வரும். கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த 16,00,984 நாள்களை இக்கணக்கின் தொடக்கமாகக் கொண்டனர். அந்நாள் கி. பி. 1282ஆம் ஆண்டில் அமைகின்றது.

செய்கை வழி பின்வருமாறு. 1825ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாட் காலைவரை கலியுகத்திற் கழிந்த நாள்கள் 17,99,312. இதிலிருந்து 16,00,984ஐக் கழிக்க 1,98,328 வரும். அதனை 12,372 ஆல் வகுக்க ஈவு 16, மீதி 376. அம்மீதி 3,031இலும் சிறிதாகலின் அங்கே ஈவு இல்லை. 376ஐ 248 ஆல் வகுக்க ஈவு 1, மீதி 128. ஆகவே வேண்டப்படுவது 128ஆம் வாக்கியம். அவ்வாக்கியம் தரும் பாகைகளுடன், ஈவுகளுக்கு உரியனவாக முன்னரே வகுத்து வைத்த பாகைகளையும் தொடக்கநாட்குரிய பாகையையும் கூட்ட, அன்று காலையிற் சந்திரன் நின்ற இடம் பெறப்படும். வட்டத்தின் வடிவமோ சைன் அட்டவணையோ இங்கு வேண்டப்படவில்லை. கழித்தலும் வகுத்தலும் கூட்டலும் நினைவாற்றலுமே போதும்.

இந்நாள் வரலாற்றிற் பெயர் பெற்ற நாளாகும். அன்றிரவு தொடங்கி யூன் 1ஆம் நாள்வரை நிகழ்ந்த சந்திர கிரகணத்தைப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் கணித்துக் காட்டினார். அதனைக் கண்டு எழுதியவர் யோன் வாரன். சென்னை வானாய்வு நிலையத்தில் முன்னர்ப் பணியாற்றிய அவர், இந்தியக் காலக்கணக்கு முறைகளைத் தொகுத்துக் ‘காலசங்கலிதம்’ என்னும் பெருநூலை 1825இற் சென்னையில் வெளியிட்டார். பஞ்சாங்கக்காரரின் பெயரைச் ‘சாமிநாதன் சசியா’ என ஒலிக்குமாறு வாரன் எழுதியுள்ளார். அம்மனிதர் நிலத்திற் சோழிகளைப் பரப்பி, அவற்றை இடம்மாற்றியும் நீக்கியும் கணக்கிட்டார். வேண்டிய எண்களை மனப்பாடமான தொடர்களிலிருந்து எடுத்துக்கொண்டார். எழுதிப் பார்த்தல் என்பது அங்கு இல்லை. வானியற் கொள்கை எதனையும் அவர் அறிந்திலர் என்றும், எனினும் செய்கைகளை மனத்திலும் நிலத்திலும் ஒழுங்குற அமைக்கும் நினைவாற்றல் படைத்தவர் என்றும் வாரன் குறிப்பிடுகின்றார்.

அக்கணிப்புக் கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் பிழைபட்டது. இதனுடன் ஒப்பிடற்குரிய வேறொரு செய்தியும் புதுச்சேரியினின்றே கிடைக்கின்றது. 1769இல் நிகழ்ந்த வெள்ளிக் கடப்பைக் காண அங்கு வந்திருந்த பிரான்சிய வானியலறிஞர் லெ ஜாந்தி, மேகம் மறைத்தமையால் அதனைக் காணாது ஏமாற்றமுற்றார். எனினும் தமிழர் கணிப்புமுறையை அவர் கற்றுக்கொண்டார். 1765 ஓகத்து 30ஆம் நாட் சந்திர கிரகணம் நீடித்த கால அளவு தமிழ்முறைக் கணக்கில் 41 விநாடி குறைந்தும், ஐரோப்பாவிற் புகழ்பெற்ற தொபியாசு மாயரின் அட்டவணைக் கணக்கில் 68 விநாடி மிகுந்தும் இருந்ததென அவர் கண்டார். முன்னதை மட்டும் எடுத்துக்காட்டித் தமிழர் முறை ஐரோப்பிய முறையினும் மேம்பட்டதென்பாரும், பின்னதை மட்டும் எடுத்துக்காட்டி அதனை இகழ்வாரும் வரலாற்றின் ஒரு பாதியையே காண்கின்றனர். ஒரு கணிப்புப் பொருந்தியமையால் ஓர் அட்டவணை மெய்யென நிறுவப்படாது. ஒன்று தவறியமையால் அதன் அமைப்பு வறிதென்றும் ஆகாது.

அக்காலத்தில் ஐரோப்பாவிலும் இதே வினா வேறு வடிவில் எழுந்தது. பிரான்சில் 1790களிற் பெரும் அட்டவணைகளை ஆக்க முற்பட்ட புரோனி, வேலையை மூன்று படிகளாகப் பிரித்தார். சூத்திரங்களை வகுத்தவர் மிகச் சிலர். கடைப்படியிற் பணிபுரிந்த பலரோ கூட்டலும் கழித்தலும் மட்டுமே அறிந்தவர். இம்முறையைக் கண்ட சாள்சு பபேச்சு, சிந்தனை வேண்டாத அக்கடைப்படி வேலையைப் பொறியிடமே விடலாம் எனக் கருதி, 1822இல் தம் வித்தியாசப் பொறியின் மாதிரி ஒன்றை அமைத்தார். 1825இல் இலண்டனிற் பற்சக்கரங்களுக்கு வரைபடம் வரையப்பட்டுக்கொண்டிருக்கப் புதுச்சேரியிற் சோழிகள் அசைந்துகொண்டிருந்தன. முன்னரே ஆக்கிய அட்டவணை, மாறாத செய்கை ஒழுங்கு, இடைக்கணக்குகளைத் தாங்கும் இடம் என்னும் மூன்றும் ஈரிடத்தும் ஒத்திருந்தமை வியக்கத்தக்கது.

யாழ்ப்பாணத்தில் இம்முறை ஒரு சோதனைக்கு உள்ளாயிற்று. 1829 மார்ச்சு 20ஆம் நாட் சந்திர கிரகணம் குறித்து, அராலி விசுவநாத சாத்திரியாரின் பஞ்சாங்கக் கணக்கும் வட்டுக்கோட்டைச் செமினரியின் தானியேல் பூவர் பாதிரியாரது கணக்கும் வேறுபட்டன. வானத்திற் கண்டது தம் கணக்கையே ஒத்திருந்ததென மிசனரிமார் எழுதி, அதனைத் தம் சமய வாதத்திற்கும் கருவியாக்கினர். ஆனால் அன்று தவறியது பழைய மாறிலிகள் சிலவே. சமயக் கொள்கை அன்று. வாக்கியக் கணக்கில் வகுத்தலும் கூட்டலுமே உள. பின்னர் ஒய்சிங்டன் பாதிரியார் இந்து வானியலை விரித்து ஆங்கிலக் குறிப்புடன் ஒரு நூலை 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்டமை, எதிர்த்தவரையும் அம்முறை கற்கத் தூண்டியதென்பதற்குச் சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டில் ஆராய்ச்சி புதுநெறியிற் சென்றது. ஒட்டோ நொய்கெபவர் 1952இல் ‘தமிழ் வானியல்’ என்னும் கட்டுரையில் வாரனின் குறிப்பை ஆராய்ந்தார். 248 நாட் சுற்றுப் பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும், 3,031 என்னும் எண் கிரேக்கப் பப்பிரசு ஏட்டிலும் காணப்படுவதை அறிஞர் எடுத்துக்காட்டினர். 248ஐப் பதினொன்றாற் பெருக்கி 303ஐக் கூட்டின் 3,031 வருதல் அவ்வேட்டு முறை. ஆகவே புதுச்சேரித் தெருவில் ஒருவர் பரப்பிய சோழிகளின் பின்னே இரண்டாயிரம் ஆண்டு வரலாறு மறைந்து கிடந்தது. 1962இல் குப்பண்ண சாத்திரியும் கே. வி. சர்மாவும் ‘வாக்கிய கரணம்’ என்னும் மூலநூலைச் சுந்தரராசர் உரையுடன் சென்னையிற் பதிப்பித்தபோது, அம்முறையின் அமைப்பு முழுவதும் வெளியாயிற்று.

இம்மரபினுள்ளேயே திருத்தம் செய்வோரும் இருந்தனர் என்பது மறக்கற்பாலதன்று. சங்கமகிராமத்து மாதவர் பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சந்திர வாக்கியங்களை விகலை அளவிற்கு நுணுக்கித் திருத்தினார். கேரளத்துப் பரமேசுவரர் ஐம்பத்தைந்து ஆண்டு கிரகணங்களை நோக்கிப் பழைய கணக்கின் பிழையைக் கண்டு, 1431இல் ‘திருக்கணிதம்’ என்னும் புதுமுறையை நிறுவினார். வாக்கியம், திருக்கணிதம் என்னும் இருவகைப் பஞ்சாங்கமும் இன்றும் வழக்கில் உள. அவற்றுள் எது கொள்ளத்தக்கது என்னும் வழக்கிற் பரமேசுவரரின் பொறுமையை நினைப்பார் சிலரே.

மனப்பாடமாக வந்த எண்ணைப் பிழையின்றிக் கையளித்தவர்க்கு நன்றி உரியது. அவரின்றேல் மரபு அறுந்திருக்கும். அவ்வெண்ணை வானத்தோடு ஒப்பிட்டு மாற்றத் துணிந்தவர்க்கும் நன்றி உரியது. அவரின்றேல் மரபு பொய்த்திருக்கும். இன்று சோழியின் இடத்தை மின்பொறி பெற்றுவிட்டது. அதுவும் தான் செய்வதன் காரணத்தை அறியாது. வாக்கியத்தை ஆக்கியவரும் அதனைத் திருத்தியவரும் அறிந்திருந்த அக்காரணத்தைக் கற்றலே கல்லூரியிற் கணிதம் பயிலும் மாணவர் கடன்.